தண்ணீர் வராத ஞாயிறுகள்

1. மாமாவின் படகு ஏரியின் நடுவில் நின்றது.
2. மோட்டார் சூடாகியிருந்தது. படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து பீய்ச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை.
3. குழாய் மடங்கியிருப்பதை ஒரு நர்ஸ் அக்கா கண்டுபிடித்தார்.
4. அடுத்த ஞாயிறும் தண்ணீர் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.
5. அந்த அக்காவின் அப்பா படகைப் பார்க்க வந்தார். அன்று அம்மா பட்டுப்புடவையில் ஏரிக்கு வந்தார்.
6. ஒரு சந்தனப் பொட்டு அழிக்கப்பட்டது.
7. மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

வேலையில் நான் எழுதும் அறிக்கைகள் இப்படித்தான் தொடங்கும். உயரமான கட்டடங்களின் ஏர்கோண்டுக்குக் குளிர்நீர் கொண்டுபோகும் குழாய்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏதோ ஒரு மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் நடந்ததை வரிசைப்படுத்த வேண்டும், காரணத்தைப் பிறகுதான் தேட வேண்டும். மேலே உள்ள வரிசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஆறாவதிலிருந்து ஏழாவது எப்படி வந்தது என்பதற்கு, அப்போது தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். ரொம்ப நாள் அதை நம்பிக்கொண்டும் இருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் போனால் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும் எங்கள் அடுக்குமாடி வீட்டில், எங்களோடுதான் இருந்தார். தினமும் ரயிலேறிக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை செய்தார். நாள் முழுவதும் கப்பல்களின் பெயர்களைக் கணினியில் தட்டுவார். அவர் உட்காரும் அறையில் ஜன்னல் கிடையாது. ஒரு கப்பலையாவது கண்ணால் பார்க்கத்தான் ரிமோட் படகு வாங்கினான் என்று அப்பா சொல்வார். கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. அம்மா கொண்டுவரும் சம்பந்தங்களுக்கெல்லாம் மாமா தலையை ஆட்டுவார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒருநாளும் ஒத்த கருத்து இருந்ததில்லை.

படகு சிவப்பு நிறம். அதைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். வேகமான மோட்டார், அதனால் சீக்கிரம் சூடாகும். காருக்கு ரேடியேட்டர் இருப்பதைப்போல் இதற்கு ஏரித் தண்ணீர். அடிப்புறத்தில், சுழலும் விசிறிக்குப் பின்னால், ஒரு சின்னப் பித்தளை வாய் இருந்தது. விசிறி தள்ளும் தண்ணீர் அந்த வாய்க்குள் ஏறும். மீ கோரெங் நூடுல்ஸ் தடிமன் உள்ள ரப்பர் குழாய் வழியாகப் போய் மோட்டாரைச் சுற்றிவரும். பிறகு படகின் வலது பக்கத்தில் உள்ள துளை வழியாக ஒரு மெல்லிய கோடாக வெளியே பீய்ச்சும். அந்தக் கோடு தெரிந்தால் எல்லாம் நலம். தெரியாவிட்டால் உள்ளே மோட்டார் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கரையில் நின்று அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான் மாமா எனக்குக் கொடுத்த உத்தியோகம். கோடு தெரிந்ததும் "மாமா, ஒன்னுக்குப் போகுது" என்று கத்துவேன். மாமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வேகத்தைக் கூட்டுவார். இந்த ஏற்பாடு அம்மாவுக்குத் தெரியாது.

படகு விட நாங்கள் செமினிக்குப் போவோம். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று ஏரியாகி, அதைச் சுற்றி வீடுகள் நிறைந்த ஒரு தாமான் முளைத்து, தாமான்காரர்கள் நடக்க ஒரு பாதையும் போட்டிருந்தார்கள். ஞாயிறு மாலை படகுக்காரர்கள் அங்கே கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற சீன அங்கிள்கள். அவர்களில் ஒருவர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். தூண்டில் கயிற்றின் முனையில் டென்னிஸ் பந்தைக் கட்டி, நடு ஏரியில் நின்றுபோன படகுகளைத் தாண்டி வீசி, கயிற்றால் வளைத்து இழுத்துவருவது அவருடைய கலை. படகு விடுவதைவிடப் பிறர் படகு நிற்பதற்காகக் காத்திருப்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் ஞாயிறு அவருக்கு மாமாவால் வேலை கிடைத்தது. கோடு தெரியவில்லை என்று நான் கத்தி முடிப்பதற்குள் படகு நின்றுவிட்டது. அங்கிள் பந்தை வீசி இழுத்துக்கொடுத்தார். மாமா மூடியைத் திறந்தார், சூடான மோட்டாரைத் தொட்டு விரலை உதறினார், பித்தளை வாயில் வாய் வைத்து ஊதினார். காற்று போகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அங்கிள்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அப்போதுதான் நடைபாதையில் அந்த அக்காவும் அவருடைய அப்பாவும் வந்தார்கள். அக்காவின் அப்பா, வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, மழையில்லாத நாளிலும் குடை வைத்திருப்பவர். எல்லாரும் அவரை ஐயா என்றார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தண்ணீர் இலாகாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா காஜாங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸ். அவர் குனிந்து படகுக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, பேட்டரிக்குப் பின்னால டியூப் மடங்கியிருக்கு, பாருங்க."

மாமா பார்த்தார். மடங்கித்தான் இருந்தது. பேட்டரியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்ததும் குழாய் நிமிர்ந்தது. எப்படித் தெரிந்தது என்று மாமா கேட்டார்.

"தெனம் எனக்கு இதே வேலைதான். அங்க டியூப் மடங்குனா மெஷின் கத்தும். உங்க மெஷின் பாவம், கத்தத் தெரியாம வெந்துடுது."

ஐயாவுக்கு நின்ற இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. குடையால் தரையை ஒருமுறை தட்டினார். "நான் இந்த நாட்டுக்கே தண்ணி விட்டனான். ஒரு சாண் குழாய்க்குள்ளால தண்ணி விட ஏலாதோ தம்பி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர் பின்னால் போனார்.

அடுத்த ஞாயிறு, காரை நிறுத்திய இடத்திலேயே மாமா படகின் மூடியைத் திறந்தார். ஒரு தீக்குச்சியை ஒடித்து, சின்னத் துண்டைக் குழாய்க்குள் செருகி, குழாயைப் பழையபடி மாட்டினார். நான் பார்த்துக்கொண்டிருப்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

"மாமா, தண்ணி வராதே."

"வராது. இது ஒரு டெஸ்ட்."

"யாருக்கு?"

மாமா படகின் மூடியை அழுத்தி மூடினார். "அந்த அக்காவுக்கு. சொல்லிடாத லா. கேள்வித்தாள வெளிய விடக்கூடாது."

இது எனக்குச் சரியாகவே பட்டது. பள்ளியிலும் அப்படித்தான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். குளுகுளுவென்று ஒரு கிண்ணம் செண்டோல் வாங்கிக் கொடுத்ததும் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டேன்.

அக்கா அன்று ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றோடு வந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம். தண்ணீர் வரவில்லை என்றதும் புல்லில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். முதல் ஞாயிறு மாமாவை அண்ணே என்று கூப்பிட்டவர் இப்போது ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. மரியாதை குறைந்துவிட்டது என்று எனக்கு மாமாவை நினைத்து வருத்தமாக இருந்தது. பித்தளை வாயைத் துடைத்தார். சிரிஞ்சால் தண்ணீரை ஏற்றினார். இணைப்பு ஒவ்வொன்றாகக் கழற்றினார், காயவைத்தார், மாட்டினார். தீக்குச்சி இருந்த இடத்தை மட்டும் அவர் கை சுற்றிச் சுற்றிப் போனது. நடுநடுவே மாமாவிடம் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டார். எந்த நாட்டுக் கப்பல்கள் வரும், அவற்றின் பெயர்களை யார் வைப்பார்கள் என்றெல்லாம் கேள்வி. வீட்டில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத மாமா அன்று கப்பல் கப்பலாகப் பேசினார். ஐயா ஏரியைச் சுற்றி முடித்து எங்களைக் கடக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தண்ணி வருகுதோ?"

"இன்னும் இல்லப்பா."

மஸ்ஜித்தில் அந்திநேர மக்ரிப் அழைப்பு கேட்கத் தொடங்கியபோதுதான் தீக்குச்சி அகப்பட்டது.

அதற்கடுத்த ஞாயிறு மாமா பித்தளை வாய்க்குள் பஞ்சு அடைத்தார். பித்தளை வாய்தான் அக்கா போன தடவை முதலில் பார்த்த இடம். இந்தத் தடவை அதைக் கடைசியில் பார்த்தார். அதற்குள் தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. அதற்கும் அடுத்த ஞாயிறு, மோட்டாரை ஒட்டி குழாயை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் நெரித்துக் கட்டினார் மாமா. பட்டை மஞ்சள் நிறம். கரையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. அக்கா அன்று கண்டுபிடிக்கவே இல்லை. குழாயை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிப் பார்க்கிறேன் என்று, மஞ்சள் பட்டையோடு சேர்த்தே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

என் கணக்கு தெளிவாக இருந்தது. முதல் தடவை ஒரே பார்வை. பிறகு மக்ரிப் வரை. பிறகு தெருவிளக்கு வரை. கடைசியில் ஒன்றுமே இல்லை. வாரத்துக்கு வாரம் அக்காவின் திறமை குறைந்துகொண்டே போனது. அவருடைய டயாலிசிஸ் நிலையத்தில் படுத்திருப்பவர்களை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது.

வீட்டில் வேறு விதமான ஆராய்ச்சி நடந்தது. வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஏரிகள் இருக்க, எதற்கு ஒருவன் வாராவாரம் செமினிக்குக் கார் எண்ணெய் செலவழிக்கிறான் என்று அப்பா கேட்டார். அங்கே பாசி குறைவு என்றார் மாமா. அப்படியானால் ஏன் வாராவாரம் குழாய் அடைக்கிறது என்றார் அப்பா. படகுக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது என்று அம்மா முடிவுகட்டினார்.

பிறகு ஒருநாள் மாலை மாமா சமையலறையில் அம்மாவோடு தாழ்ந்த குரலில் பேசினார். பேசி முடித்ததும் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, "யாழ்ப்பாணத்துக்காரங்க நமக்குக் கொடுப்பாங்களாடா?" என்று கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. குழாயைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கழுவக் கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன சந்தேகம் என்றும் நினைத்தேன்.

நடந்ததை அம்மா பல வருடங்கள் கழித்துச் சொன்னார். அக்கா தன் வீட்டில் மாமாவைப் பற்றிப் பேசியிருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேரன் என்பதைப் பற்றி அங்கே சொந்தக்காரர்கள் என்னென்னவோ சொன்னார்களாம். ஐயா அது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆட்சேபணை. ஞாயிறு ஞாயிறாகப் பார்க்கிறேன், ஒரு சாண் குழாயில் தண்ணீர் விடத் தெரியாதவன் ஒரு வீட்டை எப்படி நடத்துவான் என்று கேட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு ஆற அமர நின்று அந்தப் படகைப் பார்ப்பேன், அதற்கப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டார். மாமா வைத்த அடைப்புகளெல்லாம் அவர் கழுத்துக்கே வந்து நின்றன.

அந்த வாரம் மாமா வேலை முடிந்து வந்ததும் குளியலறைக்குள் போய்விடுவார். பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, புதுக் குழாய் மாட்டி, சிரிஞ்சால் ஏற்றி ஏற்றிப் பார்ப்பார். பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் குளியலறைச் சுவர்வரை பீய்ச்சியது. அப்பா குளிக்கக் காத்துக்கொண்டு வாசலில் துண்டோடு நிற்பார். சனிக்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு டெஸ்ட் கிடையாது. எல்லா டெஸ்டும் முடிஞ்சிருச்சு. தண்ணி மட்டும் வரணும்" என்றார்.

அம்மாவும் தன் பங்குக்கு ஆயத்தம் செய்தார். முதலாவது, என் உத்தியோகம் அவருக்குத் தெரிந்துபோனது. பெரியவர்கள் வரும் இடத்தில் 'ஒன்னுக்கு' என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இரண்டாவது, ஞாயிறு காலை மாமா முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது, படகைச் சாமி மேடைக்கு முன்னால் வைத்தார். புதிதாக எந்த வண்டி வந்தாலும் எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் வெளியே எடுத்ததில்லை. அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு வைத்தோம், தையல் மெஷினுக்கு வைத்தோம், ரைஸ் குக்கருக்குக்கூட வைத்திருக்கிறோம். படகுக்கு மட்டும் வைக்க விட்டுப்போனதுதான் இத்தனைக்கும் காரணம் என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தார். மூக்கில் ஒன்று, மூடியில் ஒன்று, பின்னால் ஒன்று, இடது பக்கம் ஒன்று. வலது பக்கத்தில் பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் ஒரு சின்னப் பித்தளை வட்டம் இருந்தது. அதன்மேல் ஒன்று. எல்லாவற்றின் நடுவிலும் குங்குமம். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். படகு மணப்பெண் மாதிரி இருந்தது.

திரும்பி வந்த மாமா அதைப் பார்த்து, அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். செமினி போய்ச் சேர்வதற்குள் மதிய வெயில் காரின் பின்கண்ணாடி வழியாக அந்தச் சந்தனத்தைச் சுட்டு இறுக்கிவிட்டது.

ஏரிக்கரையில் பட்டுப்புடவையோடு நின்ற ஒரே ஆள் அம்மாதான். கையில் கேசரி டப்பா. சீன அங்கிள்கள் இன்று ஏதோ திருவிழா என்று நினைத்து, அப்பாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயாவும் அக்காவும் வந்தார்கள். இரண்டு தரப்பும் வணக்கம் சொல்லிக்கொண்டு, மழை வருமா வராதா என்று பேசின. பிறகு ஐயா குடையை ஊன்றிக்கொண்டு தண்ணீரோரம் நின்றார். மாமா படகை இறக்கினார்.

அது அவ்வளவு அழகாகப் போனது. ஏரியைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய வட்டம் அடித்தது. அங்கிள்கள்கூடக் கைதட்டினார்கள். நான் மட்டும் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இல்லை. எப்படியும் சொல்லியாக வேண்டும். அம்மா தடுத்த வார்த்தையைச் சொல்லவும் கூடாது. உடல்நலக் கல்விப் புத்தகத்தில் படித்த ஒரு நல்ல வார்த்தை ஞாபகம் வந்தது.

"மாமா, சிறுநீர் வரவில்லை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா குனிந்துகொண்டு, தோள் குலுங்க, தன் நிலையத்தில் தினமும் கேட்கிற பேச்சுதான் என்று சொன்னார். மாமாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவரப் பார்த்தார். பாதி வழியில் அது நின்றது.

தூண்டில் அங்கிள் பந்தை வீசினார். படகு கரைக்கு வந்தது. மாமா மூடியைத் திறந்து, பேட்டரிக்குப் பின்னால் பார்த்தார், குழாயைத் தடவினார், இணைப்புகளை இழுத்துப் பார்த்தார். பித்தளை வாயில் ஊதினார். காற்று போகவில்லை. உள்ளே எல்லாம் சரியாக இருந்தது, காற்று மட்டும் போகவில்லை. அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. இத்தனை வாரமும் அடைப்பு எங்கே என்று தெரிந்து வைத்திருந்தவருக்கு, தெரிய வேண்டிய நாளில் தெரியவில்லை.

"இண்டைக்கும் இல்லையோ?" என்றார் ஐயா. கோபமில்லை. ஒரு முடிவுக்கு வந்துவிட்டவரின் குரல்.

டெஸ்ட் முடிந்துவிட்டதால் இனிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. முன்பு எங்கெங்கே அடைத்திருந்தது என்று தெரிந்தால் ஐயா போன்ற பெரிய ஆளுக்கு உதவியாக இருக்கும். முன்னால் போய் வரிசையாகச் சொன்னேன். முதல் வாரம் பேட்டரிக்குப் பின்னால், அது தானாக மடங்கியது. அடுத்தது தீக்குச்சி, அது மாமா வைத்தது. அடுத்தது வாய்க்குள் பஞ்சு, மாமா வைத்தது. அதற்கடுத்தது மஞ்சள் பட்டை, அதுவும் மாமா கட்டியது. "இன்னிக்கு மாமா ஒன்னும் வைக்கல ஐயா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று முடித்தேன்.

அப்பா கேசரி டப்பாவின் மூடியை உற்றுப் பார்த்தார். ஐயா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை சொல்லுறது உண்மையோ?"

"உண்மைதாங்க ஐயா."

"அப்ப, தெரிஞ்சுகொண்டுதான் அடைச்சனீர்?"

"ஆமாங்க. முதல் வாரம் மட்டும் தானா மடங்குனது. மத்ததெல்லாம் நான்தான்."

"தண்ணி விடத் தெரியாமல் இல்லை?"

"தெரியும் ஐயா."

ஐயா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று பார்க்க நான் அண்ணாந்தேன். அதற்குள் என் பக்கத்தில் அக்கா குனிந்து படகைத் தூக்கிவிட்டார்.

அன்று சிரிஞ்ச் எடுக்கவில்லை. புல்லில் உட்காரவில்லை. எந்த இணைப்பையும் கழற்றவில்லை. படகை வலது பக்கம் சாய்த்து, அம்மா வைத்த பொட்டில் கட்டைவிரலை வைத்து ஒரே தேய்ப்பாகத் தேய்த்தார். காய்ந்த சந்தனம் வில்லையாக உரிந்து வந்தது. அதற்கடியில் இருந்த துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏரித் தண்ணீர் விழுந்தது. படகைப் பார்த்த அத்தனை பேரும் அந்தப் பொட்டையும் பார்த்தார்கள். சாமிக்கு முன்னால் வைத்த பொட்டைத் தொட்டு அழிக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் கட்டைவிரலில் சந்தனமும் குங்குமமும் ஒட்டிக்கொண்டிருந்தன. தரையில் உதற முடியாது, கால் படும். துணியில் துடைக்கவும் முடியாது. சுற்றும் முற்றும் பார்த்தவர், அதை எடுத்துத் தன் நெற்றியிலேயே வைத்துக்கொண்டார்.

அப்போது பெரியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு எதையோ பார்க்கத் தொடங்கினார்கள். ஐயா ஏரியைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் பொட்டு அழிந்துவிட்ட வருத்தம் என்று நினைத்து, வீட்டில் இன்னும் சந்தனம் இருக்கிறது என்று அவர் காதில் சொன்னேன்.

மாமா படகை மறுபடி இறக்கினார். தூண்டில் அங்கிள்தான் முதலில் பார்த்தார். "வருது லா, வருது" என்று கத்தினார். வலது பக்கத்திலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடு வளைந்து விழுந்தது. மாமா வேகத்தைக் கூட்டக் கூட்ட அது நீண்டது. ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முழு வட்டம் வரை அதைப் பார்த்தார்.

"வருகுது" என்றார்.

அம்மா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய், தன் பொட்டால் வந்த வினை என்று மன்னிப்பு கேட்டார். ஐயா கேசரி டப்பாவைத் தானே கையில் வாங்கிக்கொண்டார். "நல்ல சந்தனம் பிள்ளை. இலாகாவில இருந்த காலத்தில எனக்கு ஒருத்தரும் இப்படி ஒரு அடைப்பு வச்சுத் தரேல்லை" என்றார். பிறகு எல்லாரும் அவர்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனோம். நடைபாதையில் மாமாவும் ஐயாவும் முன்னால் நடந்தார்கள். மாமா படகைக் கையில் ஏந்தியிருந்தார். குழாயை எந்த இடத்தில் எப்படி நெரித்தால் வெளியே தெரியாது என்று ஐயா அவரிடம் விவரம் கேட்டுக்கொண்டே போனார்.

திரும்பி வரும்போது காரில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் என் தீர்ப்பைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அக்காவுக்கு இந்த வேலை சரியாக வராது என்றேன். முதல் வாரம் நன்றாகச் செய்தார், அப்புறம் ஒவ்வொரு டெஸ்டிலும் மோசமாகிக்கொண்டே போனார், மஞ்சள் பட்டைகூடத் தெரியவில்லை, இன்றைக்கு மட்டும் எப்படியோ பாஸாகிவிட்டார் என்றேன். மாமா முன் இருக்கையில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அம்மா சிரித்த சிரிப்பில் பட்டுப்புடவை கசங்கியது. அப்பா டோல் சாவடிக்கு முன்னால் காரை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டேன். இன்னும் சிரித்தார்கள். கல்யாணம் நிச்சயமானதும் எனக்குக் காரணம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். கடைசிப் பரீட்சையில் பாஸ் செய்ததால்தான் மாமா அந்த அக்காவைக் கட்டிக்கொள்கிறார். பள்ளியிலும் தோழிகளிடம் அப்படித்தான் சொல்லிவைத்தேன்.

இப்போது என் வேலையே அடைப்பைத் தேடுவது. அதில் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. அடைப்பு எங்கே என்று தெரியாமல் தேடுகிறவர்கள் சில சமயம் கடைசியில் கண்டுபிடிப்பார்கள், சில சமயம் நடுவில். எப்போதாவது, தற்செயலாக, முதல் இடத்திலேயே கை பட்டுவிடும். வாராவாரம், ஒரு தடவைகூடத் தவறாமல், அடைப்பு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தேட வேண்டுமென்றால், அது எங்கே இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அந்த அக்காவுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கிறது. அது மாமாவுக்குத் தெரிந்ததா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

அந்த அக்காவை இப்போது அத்தை என்று கூப்பிடுகிறேன். அவரும் மாமாவும் செமினியில், ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார்கள். ஐயா அவர்களோடு இருக்கிறார். முட்டிவலியால் நடப்பதைக் குறைத்துவிட்டார், குடையை விடவில்லை. படகில் அதே மோட்டார்தான் ஓடுகிறது. தண்ணீர் ஒழுங்காக வருகிறது, பழுது எதுவும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனால், இருட்டி, ஏரியிலிருந்து திரும்பிய பிறகுதான் இருவரையும் பார்க்க முடிகிறது.